செவ்வாய்க்கிழமைப் பேய்

தலைப்பிரசவம் முடிந்து, அம்மா வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு புருஷன் வீட்டுக்கு வந்த மறுநாள் எனக்கு அது வந்தது. அறுபதுகளின் தொடக்கம். பருத்தி வெடித்திருந்த நேரம் என்பதால் வீட்டில் ஓர் ஆள் கிடையாது, எல்லோரும் காட்டில் இருந்தார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, குடத்தோடு கிணற்றடிக்குப் போனேன். எங்கள் ஊர் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குச் சுவர் முழங்கால் உயரம்தான். தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். அந்த நிமிஷம் என் கை விரிவதும் பிள்ளை உள்ளே போவதும் கண்ணில் தெரிந்தது. வெறும் நினைப்புத்தான். பிள்ளை தோளில்தான் கிடந்தான், என் சேலையில் பாலைக் கக்கிக்கொண்டு. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

சாயங்காலம் மதினி அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்து இருந்தவர், வீட்டுச் சாவியும் அவரிடம்தான்.

"என்னட்டி, குடத்தைக் கிணத்தடியில போட்டுட்டு வந்திருக்கே? பேயா அறைஞ்சது?" என்று கேட்டார். கேலிக்குத்தான் கேட்டார்.

அந்த நினைப்பு கிணற்றோடு நின்றிருந்தால் கிணற்றுப் பக்கம் போகாமல் இருந்து சமாளித்திருப்பேன். அது வீட்டுக்குள் வந்துவிட்டது. அரிவாள்மனையைப் பார்த்தால் பிள்ளை ஞாபகம், உலக்கையைப் பார்த்தால் பிள்ளை ஞாபகம், அடுப்பில் உலை கொதித்தால் பிள்ளை ஞாபகம். ஒவ்வொன்றிலும் என் கைதான் அதைச் செய்கிறது. எனக்கு என் கையைக் கண்டு பயம் வந்தது. பால் கொடுக்கும்போது அவனைச் சுற்றிப் பழைய சேலைகளைக் குவித்துக்கொண்டு தரையில் உட்காருவேன். கொடுத்து முடித்ததும் தொட்டிலில் போட்டுவிட்டு முற்றத்தின் மறு ஓரத்துக்குப் போய் நின்றுகொள்வேன். தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. அவன் மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. உயிரே அவன்தான், அதனால்தான் இந்தப் பாடு.

வெளியே சொல்ல முடியாது. பைத்தியம் என்று ஒரு வார்த்தை கிளம்பிவிட்டால், பிள்ளையை வாங்கிக்கொண்டு என்னை வண்டியேற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பப்பட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் பிள்ளைகள் அவளைப் பார்த்தால் ஓடினார்கள். சொன்னால் பிள்ளையை இழப்பேன், சொல்லாமல் இருந்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. இந்த இரண்டுக்கும் நடுவே நான் கிடந்தேன்.

சும்மா கிடக்கவில்லை, வைத்தியம் தேடத்தான் செய்தேன். பிள்ளைக்குச் சளி என்று பொய் சொல்லி கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் போனேன். மதினி கூடவே வந்து என் தோளை ஒட்டி நின்றார். "எனக்கும் நெஞ்சு படபடன்னு வருது, தூக்கம் இல்ல" என்று மட்டும் சொல்ல முடிந்தது. ரத்தம் பற்றவில்லை என்று சொல்லிச் சிவப்பு மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். கிளம்பும்போது, யாருக்கோ கேட்பதுபோல, "மனசு சரியில்லாதவங்களுக்கு மருந்து இருக்கா டாக்டர்?" என்றேன். அவர் சிரித்தார். "அதுக்கெல்லாம் பட்டணத்துக்குப் போய்த் தங்கிப் பார்க்கணும். உங்களுக்குக் கட்டுபடியாகாதும்மா" என்றார். வெளியே வந்ததும் மதினி கேட்டார், "நம்ம வீட்டுல யாருக்குட்டி மனசு சரியில்ல?" பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று சொல்லித் தப்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பக்கத்திலேயே திடமான மனுஷி, பாவம்.

உள்ளூர் வைத்தியர் நாடி பிடித்துச் சூடு என்றார். லேகியம் தின்றேன். லேகியத்துக்கு இந்தப் பயத்தைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

கடைசியில் என் வீட்டுக்காரரிடமே கேட்டேன். காரணம் சொல்லவில்லை. மதுரைக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றேன். "பருத்தி விக்கட்டும்" என்றார். பருத்தி விற்றது. அந்த வாரமே ஒரு மாடு நொண்டியது, காசு மாட்டு வைத்தியத்துக்குப் போனது. அவரையும் குறை சொல்ல மாட்டேன், மாட்டையும் குறை சொல்ல மாட்டேன். மானாவாரி விவசாயம் பார்க்கும் சம்சாரிக்கு மாடு நின்றால் எல்லாம் நின்றுபோகும். தவிர, அது நொண்டுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

நான் பிள்ளையைத் தூக்காமல் இருப்பதும் பிறகு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. மதினி இரண்டு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தம்பியிடம், "உச்சிப் பொழுதுல கிணத்தடிக்குப் போயி பயந்திருக்கா. அவ முழிய பாரு" என்றார். அவ்வளவுதான். மதுரைக்குப் பஸ் ஏற்ற வழியில்லாத வீட்டில், பேயோட்டும் கோடாங்கிக்கு ஆள் போயிற்று. வெள்ளாட்டங்கிடாய் பிடித்துக் கட்டியாயிற்று. மனசுக்குச் செலவழிக்க அந்த வீட்டில் ஒரு வழியும் இருக்கவில்லை. பேய்க்கு இருந்தது. அதற்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, யாரும் யோசிப்பதுகூட இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கோடாங்கியின் முறை தெரிந்தவர்களுக்குத் தெரியும். உடுக்கு அடிப்பார், பாடுவார், பிரம்பை ஓங்குவார். பிடித்திருக்கும் பேய் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் வராதவரை உடுக்கு நிற்காது. பெயர் வந்துவிட்டால் அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டு, கொடுப்பதைக் கொடுத்து, அமாவாசையன்று உச்சிமுடியைப் புளிய மரத்தில் வைத்து ஆணி அடித்தால் காரியம் முடிந்தது. என்னை முற்றத்தில் உட்காரவைத்து ஊரே சுற்றி நின்றது.

"யாரு நீ? எங்கன பிடிச்ச? பேரைச் சொல்லு!"

என்னிடம் சொல்ல என் பெயர்தான் இருந்தது. உடுக்குச் சத்தத்தில் பிள்ளை உள்ளே வீறிட்டு அழுதான். அழுகை நின்றது. அழுகை நின்றதும் எனக்கு இன்னும் பயம் வந்தது, அவன் மூச்சு விடுகிறானா என்று. எழுந்து ஓடப் பார்த்தேன். பேய் ஓடப் பார்க்கிறது என்று இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். பிரம்பு முதுகில் விழுந்தது. இதை நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அந்தக் கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தியின் பெயர் வாயில் வந்தது. சொல்லிவிட்டேன்.

உடுக்கு நின்றது. ஊரே மூச்சை இழுத்துக்கொண்டது.

நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னாலேயே செத்தவள் அவள். கிழக்குத் தெரு வேதக்கார வீட்டுப் பெண், கிறிஸ்தவர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள், பிள்ளைக்குச் சில மாதம் ஆனபோது கிணற்றில் விழுந்து போனாள். தண்ணீர் இறைக்கும்போது வழுக்கிவிட்டது என்று அவள் அம்மா சொன்னார். தானே விழுந்தாள் என்று ஊர் சொன்னது. கோயிலிலும் அப்படியே முடிவாகி, தானாகச் செத்தவளுக்கு உள்ளே இடமில்லை என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் முகம்கூடத் தெரியாது.

கோடாங்கிக்குப் பெரிய சங்கடம். வேதக்காரப் பேய்க்குக் கிடாய் ஆகுமா, பொங்கல் ஆகுமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அமாவாசை வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். கிடாய் மட்டும் அன்றே குழம்பாகிவிட்டது. அமாவாசை வரைக்கும் எனக்குள் பேய் இருப்பதாக ஊரறிய முடிவாயிற்று. பிள்ளையை என்னிடம் தனியாக விடுவதில்லை. பால் கொடுக்கும்போது மதினி முன்னால் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொள்வார். ஒரு விதத்தில் அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் ஆணி அடித்த பிறகு? அப்புறம் எனக்குக் குணமாகிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளையைக் கையில் கொடுத்துக் கிணற்றுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு பயமாக இருக்கிறது என்று நான் யாரிடம் சொல்வது? அமாவாசை வேண்டாம் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

அதற்கு முன் அந்தச் செத்தவளுடைய அம்மா வந்தார்.

ஒரு மத்தியானம், மதினி பிள்ளையோடு அடுத்த வீட்டுக்குப் போயிருந்த நேரம். நான் தொழுவத்தில் இருந்தேன். வெளுத்த சேலை, கழுத்தில் ஜெபமாலை, காட்டு வேலையில் கறுத்துக் காய்த்த கை. எதிரே வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குள் இருக்கிற யாரையோ பார்த்தார்.

"ஏட்டி, நல்லா இருக்கியாட்டி?" என்றார்.

நான் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டேன்.

"உம் பிள்ளை பெரியவனாயிட்டான். அப்பங்கூட இருக்கான். பள்ளிக்கூடம் போறான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போட்டி. வழுக்கித்தானே விழுந்த? நான் எல்லார்கிட்டயும் வழுக்கித்தான் விழுந்தான்னு சொல்லியிருக்கேன். சொல்லுட்டி" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மா நிம்மதியாகப் போயிருப்பார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் கை நீண்டு என் கன்னத்தைத் தொட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"பெரியம்மா, உங்க மக இல்ல பெரியம்மா. என்கிட்ட பேய் ஒண்ணும் இல்ல. அடி பொறுக்க மாட்டாம சொல்லிட்டேன். பிள்ளையத் தூக்கினா கிணத்துல போட்டுருவேனோன்னு பயமா இருக்கு. அதான் பெரியம்மா எனக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அடிப்பார் என்றே நினைத்தேன். அடிக்கவில்லை. நான் சொன்னதையே திரும்பக் கேட்டார். "பிள்ளையத் தூக்கப் பயமா இருக்கா?" ஆமாம் என்றேன். அவர் முகம் மாறிப்போனது.

"அவளும் இதத்தான் சொன்னா. 'அம்மா, பிள்ளையத் தொடப் பயமா இருக்கும்மா'ன்னு ராவும் பகலும் சொன்னா. பெத்தவ பேசுற பேச்சாட்டி இதுன்னு ஏசுனேன்."

சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்தார். மகள் போன பிறகு, இப்படிப்பட்ட பயத்துக்கு வைத்தியம் உண்டா என்று, காயத்துக்குக் கட்டுப்போடுகிறவரிலிருந்து தடுப்பூசி போட வருகிறவர் வரை எல்லோரிடமும் விசாரித்து வைத்திருந்தார். யாருக்காக விசாரித்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை காலையில் இதற்கென்று ஒரு டாக்டர் பார்க்கிறார், காசு வாங்குவதில்லை, மாத்திரையும் அங்கேயே கொடுக்கிறார்கள் என்றார்.

"என்னை யாரு பெரியம்மா மதுரைக்கு விடுவா?"

"உன்னை விட மாட்டாவ. பேயைக் கொண்டுபோனா விடுவாவ" என்று எழுந்தார்.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் இருந்தார், மதினி இருந்தார், வழக்கம்போல அக்கம்பக்கமும் இருந்தது. ஊரே வேறு சொன்னபோது வழுக்கித்தான் விழுந்தாள் என்று இத்தனை வருஷமாக ஒற்றை ஆளாய்ச் சாதித்தவர், அத்தனை பேர் முன்னாலும் உரக்கச் சொன்னார்.

"அய்யா, உம்ம பெஞ்சாதியப் பிடிச்சிருக்கது என் மவதான். நான் பேசிப் பாத்துட்டேன். அவ வேதக்காரி, உங்க கோடாங்கிக்கும் ஆணிக்கும் போக மாட்டா. அந்தோணியார் கோயிலுக்குக் கொண்டுபோனாத்தான் இறங்குவா. திங்கட்கிழமை ராத்திரி கோயில்ல படுத்து, செவ்வாய்க்கிழமை பூசை பாக்கணும். பால் குடிக்குத பிள்ளையும் கூட வரணும். ஆம்பிளை ஆளு வரக்கூடாது."

கூட்டத்தில் ஒருத்தி, "வழுக்கி விழுந்தவ பேயா வருவாளா? அப்போ தானாத்தான் விழுந்திருக்கா" என்று முணுமுணுத்தாள். அந்த அம்மா காதில் விழாததுபோல நின்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பேய் அழுகிறது என்று ஒதுங்கி நின்றார்கள்.

பேய் காரியம் என்பதால் எல்லாம் மளமளவென்று நடந்தது. மாடு நொண்டியபோது இல்லாத காசு மெழுகுவர்த்திக்கும், உப்பு மிளகு காணிக்கைக்கும், வழிச்செலவுக்கும் வந்தது. என் வீட்டுக்காரரே வண்டி கட்டிக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். "பயப்படாதட்டி, சரியாயிரும்" என்று அவர் சொன்னபோது, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வண்டி திரும்பி மறைகிறவரை நின்றோம். பிறகு அந்தோணியார் கோயிலுக்குக் கிழக்கே போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, அந்த அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, ரயில்வே ஸ்டேஷனுக்கு வேகமாக நடந்தோம். தெரிந்த முகம் எதிரே வந்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் பதறிக்கொண்டு போனேன்.

அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தோம். காலையில் டாக்டரைப் பார்க்கும் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு வாலிபனைத் துண்டால் கையைக் கட்டிக் கூட்டிவந்திருந்தார்கள். நானும் உள்ளே போனால் வெளியே விடுவார்களா? பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பார்களா? ஓடிவிடலாம் என்று திரும்பினேன். அந்த அம்மா ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் என் சேலைத் தலைப்புமாக நின்றார்.

டாக்டர் நடு வயசுக்காரர், களைத்த முகம். கேட்டதற்கெல்லாம் ஏதோ உளறினேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "பிள்ளையைப் போடணும்னு தோணுதா, போட்டுருவோமோன்னு பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"பயந்துதான் சாகுதேன் அய்யா" என்றேன்.

"பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி வருது. நீ ஒருத்தி இல்ல. நீ பைத்தியமும் இல்ல. மாத்திரை தாரேன், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு. பிள்ளை உன்கிட்டயே இருக்கட்டும்."

நீ ஒருத்தி இல்ல என்ற அந்த வார்த்தையில் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் உடனே அடுத்த கவலை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எப்படி வருவது?

"அத அந்தோணியாரு பாத்துக்கிடுவாரு" என்றார் அந்த அம்மா. பேய் ஒரே பூசையில் இறங்காது என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். பிறகு அப்படித்தான் செய்தோம், பல செவ்வாய்க்கிழமைகள்.

எழுந்து வாசல் வரை போன அந்த அம்மா நின்றார். திரும்பி வந்தார்.

"அய்யா, என் மவளுக்கும் இதே சீக்குத்தான். பிள்ளையத் தொடப் பயமா இருக்குன்னா. செத்துப்போனா. அன்னைக்கு நான் இங்கன கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாளா?"

டாக்டர் எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டார். சொன்னார். டாக்டர் மேஜை மேல் இருந்த காகிதத்தைக் குனிந்து பார்த்தபடி, "அப்போ இந்த மாத்திரையே வரலம்மா" என்றார்.

"வரலையா?"

"வரல."

அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னாளில் விசாரிக்க வழி இருந்தும் நான் விசாரிக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அந்த அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விருதுநகர் தாண்டியது. பிறகு, எனக்கா தனக்கா என்று தெரியாத குரலில், "அப்போ சீக்குத்தான்" என்றார்.

"ஆமா பெரியம்மா."

"சீக்குல செத்தவள எதுக்குச் சுவருக்கு வெளிய வச்சாவ?"

அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுகையில் அவருக்குக் கை நிற்கவில்லை, பிள்ளை மடியிலிருந்து சரிந்தான். "பிடிட்டி, பிடி இவன" என்று என் கையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ரயில் அப்போது சாத்தூர் வைப்பாற்றுப் பாலத்தில் ஏறியது. ஜன்னல் திறந்து கிடந்தது, கீழே ஆழத்தில் வெறும் மணல். வழக்கமான நினைப்பு வந்தது, கை விரிவதும் அவன் போவதும். வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை. உடம்பெல்லாம் வேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். பாலம் முடிந்தது. பயம் போகவில்லை, பிள்ளை கையில் இருந்தான். அந்த அம்மா அழுது முடிக்கிறவரைக்கும், கோவில்பட்டி வரைக்கும், நான்தான் அவனை வைத்திருந்தேன்.